அனபாயன் கையிலிருந்த ஏடு: மாங்காட்டு வட்டாரமும் நம் வாசிப்பு மரபும்

1. வினாவும் வட்டாரமும்

மகிழ்ச்சிக்காக நூல் படிப்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா என்னும் வினா நம் திருச்சபைகளில் வெளிப்படையாகக் கேட்கப்படுவது அரிது. ஆயினும் அதற்குரிய விடை மட்டும் பிரசங்க பீடங்களிலிருந்து பலமுறை கூறப்பட்டிருக்கிறது. நாவல் படிக்கும் பெண்கள் கடிந்துகொள்ளப்பட்டனர். வார இதழ்களின் தொடர்கதைகள் நேரத்தை வீணாக்குவன எனப்பட்டன. இறையியல் மாணவன் ஒருவன் கையில் கவிதை நூலைக் கண்டால், அது தேர்வுக்குரிய பாடமா என்பதே நாம் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கிறது. பயனுள்ள வாசிப்பு, பயனற்ற வாசிப்பு என்னும் இப்பாகுபாடு நற்செய்திப் பணியாளர் நம் நாட்டிற்குக் கொண்டுவந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. தமிழகத்தில் இவ்வழக்கு மிகப் பழையது. அதன் புகழ்பெற்ற கட்டம் ஒன்று சென்னைக்கு மேற்கே, மாங்காட்டை அடுத்த ஓர் ஊரோடு தொடர்புடையது.

மாங்காடு இன்று காமாட்சி அம்மன் கோயிலால் யாவரும் அறிந்த ஊர். மாமரக் காடாக இருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். மாநகரம் மேற்கு நோக்கி வளர்ந்ததன் விளைவாக 2021-இல் இது நகராட்சியாக உயர்த்தப்பட்டது. இதன் தெற்கே குன்றத்தூர் உள்ளது, வடமேற்கே பூவிருந்தவல்லி, அதற்கப்பால் திருமழிசை. இந்நான்கு ஊர்களையும் ஒருவர் ஒரே நாளில் நடந்து கண்டுவிடலாம். குன்றத்தூர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பூவிருந்தவல்லி இராமானுசருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பியின் ஊர். திருமழிசை ஆழ்வார்களுள் ஒருவர் தோன்றிய ஊர். இவ்வட்டாரத்தின் மரபுகளைத் தொடர்ந்து ஆராயின், நூலை யார் படிக்கலாம், எதற்காகப் படிக்கலாம், எவ்வாறெல்லாம் படிக்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் நம் முன்னோர் அளித்த விடைகள் புலப்படும். அவ்விடைகள் நம் ஆயர் பணிக்கும் உரியன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. அரசனும் அமைச்சரும்

சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். அனபாயன் என்பது அவ்வரசனது சிறப்புப் பெயர். அவன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சி செய்தான். சேக்கிழாரின் வரலாற்றைக் கூறும் பிற்கால நூல், உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்குவது, பின்வரும் நிகழ்ச்சியைச் சொல்கிறது. அரசன் சீவக சிந்தாமணியை விரும்பிப் படிக்கக் கேட்டு மகிழ்ந்துவந்தான். அது திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் பாடிய பெருங்காப்பியம். சீவகனது பிறப்பும் வீரமும் திருமணங்களும் இறுதியில் துறவும் அதன் பொருள். இதனை மணநூல் என்றும் அழைப்பர். சைவராகிய அமைச்சர் அரசனை அணுகி, அந்நூல் இம்மைக்கும் மறுமைக்கும் உதவாது என்று எடுத்துரைத்தார். அங்ஙனமாயின் உதவும் நூல் எது என்று அரசன் வினவ, அமைச்சர் சிவனடியார்களது வரலாறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அரசன் அவற்றில் உள்ளம் ஈடுபட்டு, இவற்றைக் காப்பியமாகப் பாடித் தருக என வேண்டினான். சேக்கிழார் தில்லைக்குச் சென்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அதனைப் பாடி முடித்தார். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு ஆண்டின் சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது என்றும், அரசன் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றித் தானே பின்னிருந்து கவரி வீசினான் என்றும் அம்மரபு கூறும். பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறையாக வைக்கப்பெற்றது.

இந்நிகழ்ச்சி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. ஆகவே ஒவ்வொரு கூற்றையும் வரலாற்று உண்மையாகக் கொள்ள இயலாது. ஆயினும் ஒரு சமுதாயம் தன் பெருநூல் பிறந்த கதையை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதே ஒரு வரலாற்றுச் சான்றாகும். அதில் நாம் கருதத்தக்கவை மூன்று.

முதலாவது, ஒரு சைவ அரசன் தன் சமயத்தைச் சாராத நூலை இன்பத்திற்காகப் படித்தான் என்பதை இம்மரபு மறைக்கவில்லை. சமயப்பற்றும் இலக்கியச் சுவையும் ஒரே உள்ளத்தில் வாழக்கூடும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, அமைச்சர் அந்நூலை எரிக்கவோ தடைசெய்யவோ சொல்லவில்லை. அதனினும் ஈர்ப்புடைய வேறொரு நூலைத் தம் உழைப்பால் ஆக்கித் தந்தார். சிந்தாமணி விருத்தப்பாவைக் காப்பியத்துக்குரிய பாவாக நிலைநாட்டிய நூல். சேக்கிழாரும் அதே விருத்தத்திலேயே தம் காப்பியத்தை அமைத்தார். தாம் மறுத்த நூலின் பாவகையே அவருக்குக் கருவியாயிற்று. மூன்றாவது, நூல் வெளிவந்த முறை. ஓராண்டுக் காலம் கூட்டமாக அமர்ந்து கேட்டனர். நூலின்பம் என்பது தனியறையில் ஒருவர் மட்டும் துய்ப்பதாக அன்று இருக்கவில்லை.

3. தள்ளப்பட்ட நூலின் பின்வரலாறு

கதை இத்துடன் முடிந்திருந்தால், உயர்ந்த நூல் தாழ்ந்த நூலை வென்றது என்று நாம் எளிதாகப் பொருள் கூறிவிடலாம். ஆனால் சிந்தாமணி அழியவில்லை. தமிழ் உரையாசிரியர்களுள் தலைசிறந்தவராகிய நச்சினார்க்கினியர் அதற்கு விரிவான உரை எழுதினார். அவர் சமணர் அல்லர். அரசவையில் கைவிடப்பட்டதாகச் சொல்லப்படும் நூலைக் கற்றோர் கைவிடவில்லை என்பதற்கு அவ்வுரையே சான்று.

கற்றோர் மட்டுமன்று. 1880-இல் கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியராகப் பணியேற்ற உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கற்க முற்பட்டார். சைவ மடத்தில் பயின்ற அவருக்கு அந்நூலின் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். அங்கே சிந்தாமணியைத் தொடர்ந்து படித்துப் பொருள் கூறிக் கேட்பதும், படித்து முடித்த நாளை விழாவாகக் கொண்டாடுவதும் வழக்கமாக இருந்ததைக் கண்டு வியந்ததாக அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். குன்றத்தூர் அமைச்சர் இம்மைக்கும் மறுமைக்கும் உதவாதது என்று கூறியதாகச் சொல்லப்படும் நூல், ஏழு நூற்றாண்டுகள் கழிந்தும் ஒரு சிறு கூட்டத்தாருக்கு இருமைக்கும் உதவுகின்ற மறைநூலாக விளங்கியது. சாமிநாதையரின் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. இன்று சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் இசுலாமியரும் அதனைத் தம் இலக்கியச் செல்வமாகவே கருதுகின்றனர்.

இவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பலர் அறியார். சாமிநாதையருக்கு முன்பே, 1868-இல், சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை உரையுடன் சென்னையில் பதிப்பித்தவர் ஹென்றி பவர் ஐயர். இவரே 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்த ஒருமைப்பாட்டு மொழிபெயர்ப்புக் குழுவின் தலைமை மொழிபெயர்ப்பாளர். நம் மக்கள் இன்றும் பெரிதும் பயன்படுத்தும் தமிழ்த் திருமறை அக்குழுவின் உழைப்பில் உருவானது. திருமறையின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அக்கை ஒரு சமணக் காப்பியத்தின் ஏடுகளையும் புரட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு இவ்விரு பணிகளும் முரண்பட்டனவாகத் தோன்றவில்லை. தமிழின் சுவையறியாதவன் தமிழில் திருமறையைத் தர இயலாது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

4. செவியால் படித்தல்

இனி, எவ்வாறு படித்தனர் என்னும் வினாவுக்கு வருவோம். இன்று வாசிப்பு என்றவுடன் ஒருவர் தனித்து அமர்ந்து, வாய் திறவாமல், கண்ணால் எழுத்தை ஓட்டிச் செல்வதே நம் மனத்தில் தோன்றுகிறது. தொண்டை மண்டலத்தின் பழைய வழக்கம் இதுவன்று. காஞ்சிக்கு அருகில் உள்ள கூரம் என்னும் ஊரில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேடு, 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அவ்வூர்க் கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அது குறிப்பிடுகிறது. விளக்குக்கும் தண்ணீருக்கும் அறக்கொடை அளித்தாற்போலவே வாசிப்புக்கும் அறக்கொடை அளித்தனர். எழுத்தறியாதாரும் நூலின் பயனை இழந்துவிடலாகாது என்பது அவ்வேற்பாட்டின் விளைவாயிற்று.

இம்மரபு அற்றுப்போகவில்லை. காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்லுவர். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவர். இறுதியில் தீமிதி நடைபெறும். பகலில் செவியால் கேட்ட பகுதியை இரவில் கண்ணால் காண்கின்றனர். ஒரே நூலை ஊர் முழுவதும் ஒரே காலத்தில் படிக்கும் முறை இது. அச்சு பரவிய பின்னரும் இப்பழக்கம் மாறவில்லை. சென்னைக் குஜிலிக் கடைகளில் மலிவு விலைக்கு விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்கள், நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை போன்றவை, மங்கிய விளக்கொளியில் ஒருவர் இராகத்தோடு படிக்கப் பலர் சூழ்ந்து கேட்பதற்கு ஏற்றவாறு அச்சிடப்பட்டவை. எழுத்து பெரிதாக இருந்தது கண்பார்வை குன்றியவருக்கும், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் துணையாயிற்று.

திருமறையின் உலகமும் இதுவே. எஸ்றா தண்ணீர் வாசலுக்கு முன்னால் நியாயப்பிரமாணத்தைப் படித்தபோது, லேவியர் அதன் பொருளை விளக்க, மக்கள் நின்று கேட்டனர் (நெகே. 8). எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தைத் தனித்துப் படித்தபோதும் வாய்விட்டே படித்தான், அதனாலன்றோ ஓடிவந்த பிலிப்புவின் செவியில் அது விழுந்தது (அப். 8:30). அவன் மௌனமாகப் படித்திருந்தால் அவ்வுரையாடலே நிகழ்ந்திராது. திருவெளிப்பாட்டின் தொடக்கத்தில் வாசிப்பவன் ஒருமையிலும் கேட்பவர்கள் பன்மையிலும் வாழ்த்தப்படுவதைக் காண்க (வெளி. 1:3). மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் நாவசையாது கண்களால் மட்டும் படித்ததைக் கண்ட அகுஸ்தீனார், அதனை எழுதி வைக்கத்தக்க புதுமையாகக் கருதி, அதற்குக் காரணங்களும் தேடினார். மௌன வாசிப்பு எல்லாக் காலத்துக்கும் உரிய இயல்பான முறை என்று நாம் எண்ணுவது எவ்வளவு பிழை என்பதை இஃது உணர்த்தும்.

தமிழகத்தில் உரைநடையும் அச்சும் பள்ளிக் கல்வியும் பரவப் பரவ, 19, 20ஆம் நூற்றாண்டுகளில் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் படிப்படியாகத் தனி வாசிப்புக்கு இடந்தந்தது. இம்மாற்றத்திலும் சேக்கிழாரின் நூலுக்கு ஓர் இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் ஐயரோடு திருமறை மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பின்னர்ச் சைவ மறுமலர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அவர் 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். செய்யுளுக்குப் பொருள் சொல்லப் புலவர் இல்லாத வீட்டிலும் இனி அந்நூலைப் படிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. நற்செய்திப் பணியாளர் கையாண்ட எளிய உரைநடையையும் அச்சையும் அவர்களோடு வாதிட்ட பெரியாரே மேற்கொண்டு வளர்த்தார். சமயங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டபோதும் வாசகன் அதனால் இழந்தது ஒன்றுமில்லை, பெற்றவையே மிகுதி.

5. யார் படிக்கலாம்?

வாசிப்பின் வரலாற்றை இன்பத்தின் வரலாறாக மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. படிக்க விடப்படாதவர்களின் வரலாறும் அதனுள் அடங்கும். இதனையும் இவ்வட்டாரத்தின் மரபே நமக்கு நினைவூட்டுகிறது. திருமழிசை ஆழ்வார் பிரம்பறுக்கும் எளிய குடியினரால் வளர்க்கப்பட்டவர் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அவர் ஒருநாள் பெரும்புலியூர் என்னும் ஊரில் ஒரு திண்ணையில் அமர, அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர், இவர் செவியில் படலாகாது என்று ஓதுவதை நிறுத்தினர். அவர் அவ்விடம் விட்டு அகன்றதும் மீண்டும் தொடங்க முயன்றவர்களுக்கு விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. அப்போது ஆழ்வார் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டி, அவ்விடத்து மந்திரத்தைக் குறிப்பால் உணர்த்தினாராம். கேட்கத் தகுதியற்றவர் என்று கருதப்பட்டவருக்கே நூல் தெரிந்திருந்தது; உரிமை கொண்டாடியவர்கள் அதனை மறந்துவிட்டனர். இத்துணைக் கூர்மையான கண்டனத்தை ஒரு பக்தி மரபு தன்னுள்ளேயே பாதுகாத்து வந்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் மாணவரையும் தம் இல்லத்திற்கு வரவழைத்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். 1715-இல் அவர் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு இந்திய மொழிகளுள் முதலாவது. சென்னை வேப்பேரிக்கு அச்சுக்கூடம் வந்ததும் ஒரு வியப்பான நிகழ்ச்சியே. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து கொணர்ந்த அச்சு இயந்திரம் பப்ரீஷியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. போரில் கொள்ளையாக வந்த பொறியில் திருமறையும் பாடல்களும் 1779-இல் அகராதியும் அச்சாயின. நற்செய்திப் பணியாளரின் பள்ளிகள் நூற்றாண்டுக் கணக்காக எழுத்து மறுக்கப்பட்டிருந்தோரின் பிள்ளைகளுக்கும் திறந்தன. ஆயினும் அங்கும் சாதி வேறுபாடு நெடுங்காலம் நிலவியது என்பதை நாம் மறைக்கலாகாது. படித்து எழுந்த ஒடுக்கப்பட்டோர் பிறர் தரும் நூலோடு அமைதியடையவில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் மக்களின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஓர் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பைசாத் தமிழனை வெளியிட்டார். வாசகர் எழுத்தாளராயினர், கேட்டவர் பேசினர்.

மாங்காட்டுக்கு அண்மையிலேயே இன்னொரு வகை வாசிப்பும் வேரூன்றியது. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பிரெய்ல் நூல்களை அச்சிட்டு வழங்கும் மண்டல அச்சகமும் அமைந்தன. பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல், தாமே பார்வையிழந்தவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆறு புள்ளிகளைக் கொண்டு இவ்வெழுத்தை அமைத்தார். தமிழகத்தில் பார்வையற்றோர் கல்விக்கு முன்னோடியாக நின்றவர், பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. செவியாலன்றி விரலாலும் படிக்கலாம் என்பதற்கு இவ்வட்டாரம் சான்று. அனபாயனைப் போலப் பிறர் படிக்கக் கேட்கும் நிலையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டியவர், பிறர் துணையின்றி, தாம் விரும்பிய பக்கத்தைத் தாமே திறந்து, விரும்பிய இடத்தில் நிறுத்திப் படிக்கும்போது அடையும் உரிமையுணர்வை, கண்ணுடையவராகிய நாம் எளிதில் மதிப்பிட இயலாது.

6. நம் தயக்கத்தின் வேர்

இனி எதற்காகப் படிப்பது என்னும் வினா. சேக்கிழாரின் கவலை கிறிஸ்தவ உலகத்துக்குப் புதிதன்று. எரோனிமு ஒரு கனவு கண்டார். நியாயாசனத்தின் முன் நிறுத்தப்பட்ட அவர் தம்மைக் கிறிஸ்தவன் என்று சொல்ல, நீ சிசரோவைச் சேர்ந்தவனேயன்றிக் கிறிஸ்துவைச் சேர்ந்தவன் அல்லன் என்னும் தீர்ப்பு கிடைத்தது. இனி உலகியல் நூல்களைத் தொடேன் என்று அவர் சூளுரைத்தார். ஆயினும் அதன் பின்னர் அவர் எழுதியவற்றிலும் அப்புலவர்களின் எதிரொலி கேட்டுக்கொண்டே இருந்தது. அதனை எதிரிகள் சுட்டிக்காட்டிப் பழித்தனர். இலத்தீன் திருமறையின் அழகுக்கு அவர் இளமையில் சுவைத்துப் படித்த நூல்கள் துணைநின்றன என்பதில் ஐயமில்லை.

சீகன்பால்க் ஐயரின் நிலையும் இதனை ஒத்ததே. வந்து இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் திரட்டிய ஏட்டுச் சுவடிகளுக்கு அவர் ஒரு பட்டியல் வகுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் குறிக்கப்பட்டன. பின்னர்த் தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி 1713-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பிய பெருநூலை, ஹாலேயில் இருந்த பிராங்கே அச்சிட ஒப்பவில்லை. புறச்சமயத்தைப் பரப்புவதற்காகப் பணியாளரை அனுப்பவில்லை என்பது அவரது எண்ணம். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் ஜெர்மன் ஐயரால் பதிப்பிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு அது பெட்டிக்குள் உறங்கியது. மறுப்பதற்காகவே படிக்கத் தொடங்கிய ஒருவர் படிக்கப் படிக்க மதிக்கக் கற்றுக்கொண்டார் என்பதும், அதனைத் தொலைவிலிருந்த அவர் தலைவர்கள் அஞ்சினர் என்பதும் இதில் நாம் காணும் உண்மை.

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்பதையும் நினைத்தல் நன்று. 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கம்பனில் தோய்ந்தவர். ஜான் பனியனின் கதை கம்பனின் ஓசையில் நமக்குக் கிடைத்தது அவ்வாறே. அவர் திருமுழுக்குப் பெற்றபோது கம்பனை மறந்துவிட்டிருப்பின் நம் திருச்சபை ஒரு காப்பியத்தை இழந்திருக்கும்.

இவ்வளவு இருந்தும், பிற்காலத்தில் நம் சபைகளில் கதை படிப்பது குற்றவுணர்வுக்குரிய செயலாயிற்று. 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வெளிவந்தபோதும், பின்னர்ப் பல தொடர்கதைகள் வந்தபோதும், தமிழ்ப் பெண்கள் வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்து வைத்து, தைத்து, அட்டையிட்டு, வீடு வீடாகக் கைமாற்றிப் படித்தனர். அடுத்த வாரம் வரை கதைமாந்தரின் நிலையைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் ஒரு வாசிப்பு முறையே. ஊரார் கூடி ஆண்டு முழுதும் கேட்ட அரங்கேற்றத்தின் எளிய இல்லற வடிவம் அது. நம் சபைப் பெண்கள் அதே நூல்களை வேதாகமத்தின் அடியில் மறைத்து வைக்க நேர்ந்தது என்றால், அதற்கு ஆயர்களாகிய நாமும் பொறுப்பாளிகள்.

7. நூலுக்கு வாசகர், வாசகருக்கு நூல்

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்ற சீர்காழி இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பன அவற்றுள் முதல் மூன்றின் கருத்து. அவர் முயற்சியின் பயனாக 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டம் அதுவே முதலாவது. நம் ஊர்களின் கிளை நூலகங்கள் அச்சட்டத்தின் வழி வந்தவை.

இரண்டாம், மூன்றாம் விதிகளை இறையியல் நோக்கில் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். அமைச்சர் சேக்கிழார் அரசனுக்கு ஏற்ற நூலைக் கண்டறிந்து தந்தார். அஃது இரண்டாம் விதி. ஆனால் சிந்தாமணிக்கும் அதற்குரிய வாசகர் எங்கோ இருந்தனர். அது மூன்றாம் விதி. முன்னதை மட்டும் கொண்ட ஆயர் தம் சுவையையே சபையின் அளவுகோலாக்கிவிடுவார். பின்னதையும் கொண்டவரே, தமக்குப் பயன்படாத நூல் பிறர் ஒருவரின் துயரில் துணையாக இருக்கக்கூடும் என்று பொறுமையோடு ஏற்பார்.

எல்லா நூலும் ஒன்றே, தேர்வு வேண்டியதில்லை என்று நாம் கூறவில்லை. தீமையை இன்பமாகக் காட்டும் எழுத்தும் உண்டு. ஆனால் அதற்குரிய மருந்து சேக்கிழார் கையாண்டதே: கடிந்துரைக்கும் பிரசங்கம் எழுதுவதற்கு முன், அதனினும் சுவையுடைய ஒன்றை மக்கள் முன் வைத்தல். அவ்வாறு வைப்பதற்கு நாம் முதலில் சுவைத்திருத்தல் வேண்டும். தேர்வுக்காக மட்டும் படித்துப் பட்டம் பெற்ற ஆயரால் எந்த நூலையும் பிறருக்கு விருப்பத்தோடு நீட்ட இயலாது.

8. முடிவுரை

இன்று மாங்காட்டிலும் குன்றத்தூரிலும் பழைய திண்ணைகள் குறைந்துவிட்டன. அடுக்ககங்கள் எழுந்துள்ளன. கைப்பேசித் திரையில் படிப்பவரும், ஒலிநூலைக் காதில் மாட்டிக்கொண்டு பேருந்தில் செல்பவரும் பெருகியுள்ளனர். வாசிப்பு அழிந்துவிட்டது என்று பலர் வருந்துகின்றனர். ஆயினும் வாசிப்பு பலமுறை உருமாறியதைக் கண்டோம். ஏட்டிலிருந்து அச்சுக்கும், செவியிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து விரலுக்கும் அது சென்றது. ஒலிநூல் கேட்பவர் கூரத்து மண்டபத்தில் பாரதம் கேட்டவரின் வழித்தோன்றலே. ஒன்று மட்டும் குறைந்துள்ளது: சேர்ந்து கேட்பது.

அதனை மீட்பது திருச்சபைக்கு இயலாததன்று. சபைதோறும் ஒரு சிறு நூலடுக்கு அமைக்கலாம். அதில் விளக்கவுரைகளோடு கதையும் கவிதையும் இருக்கட்டும். மாதம் ஒரு மாலை ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். நோயுற்றோரையும் முதியோரையும் சந்திக்கச் செல்லும் ஆயர், சங்கீதம் படித்து ஜெபித்த பின், அவர்கள் இளமையில் விரும்பிய நூலிலிருந்தும் சில பக்கங்கள் படித்துக் காட்டலாம். ஆராதனையில் திருமறை வாசிப்பவர் அதனை விரைந்து முடிக்கும் கடமையாகக் கருதாது, வீட்டில் பலமுறை வாய்விட்டுப் படித்துப் பழகி வரலாம். அன்று மந்திரியின் குரல் சாலையில் செல்பவனுக்குக் கேட்டதனால்தான் பிலிப்பு இரதத்தில் ஏறி அவனருகே அமர முடிந்தது.